அறுக்கக் கூடாத நிலைப்படி

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த வீடு, கப்பல் வியாபாரம் செய்த என் கணவரின் முன்னோர் கட்டியது. பவளக்கல் சுவர்கள், பர்மா தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம். சில வருடங்களாக அதில் நானும் மாமாவும் மட்டும்தான். மாமா என்றால் என் மாமனார். கணவர் துபாயில் இருக்கிறார்.

மாமாவின் தம்பிகள் வீட்டை இடித்துக் கடைகள் கட்ட நினைத்தார்கள். மாமா விடவில்லை. அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அதைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடமாக அறிவிக்க வைத்தார். அன்று தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். இனி அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று அதிகாரி சொன்னபோது அவர் முகத்தில் வெற்றிக் களை இருந்தது.

அதன் பிறகுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் படுத்திருந்த உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் பூவேலை செய்த நிலைப்படி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பலகையைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தேன்; சக்கர நாற்காலி சரிந்து பின்னால் வந்தது. முன்கூடத்துக்கு மாற்றலாமென்றால் அங்கே உத்தரம் தொய்ந்து, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். படியை அறுக்கவும் கூரையைச் செப்பனிடவும் அனுமதி கேட்டேன். அதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டு, குழு கூடி முடிவு செய்யும் என்றார். மாதங்கள் போயின. மாமாவை விட்டு நகர முடியாமல் நானும் அந்த இருட்டிலேயே கிடந்தேன். பாம்பனில் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோதும் போனில்தான் முகம் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் முன்கூடத்துக் கூரை பெருஞ்சத்தத்துடன் இறங்கியது. சுண்ணாம்புத் தூசி அறையை நிறைத்தது. மாமாவைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். படிவரை வந்துவிட்டோம், அதைத் தாண்ட என்னால் தூக்க முடியவில்லை. அவர் இருமிக்கொண்டே என்னைப் போகச் சொல்லித் தள்ளினார். நான் போகவில்லை; கத்தினேன். பின்சந்து வழியாகத் தெரு ஆண்கள் ஓடிவந்து எங்களை வெளியே எடுத்தார்கள்.

மறுநாள் தச்சரை வரவழைத்தேன். அவர் படியின் பூவேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கேஸ் ஆகிவிடும் என்று தயங்கினார். நாற்காலியில் இருந்த மாமாவுக்கு நாக்கு குழறியது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்:

"இந்தச் சட்டத்தக் கொண்டாந்தது நான்தான். நானே சொல்றேன், அறு."

ரம்பம் இறங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி வந்து கோபப்பட்டார். அறுத்தது யார் என்று கேட்டதற்கு மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி, அறுத்த துண்டைப் பத்திரமாக வைக்கும்படி சொல்லிப் போனார். நோட்டீஸ் பிறகு வந்தது.

இப்போது மாமா காலையில் முற்றத்து வெயிலில் இருக்கிறார். முன்கூடம் இன்னும் விழுந்தபடியே கிடக்கிறது. ராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாகக் கணவர் சொன்னார். போய்விடலாமா என்று ஆசையோடு மாமாவிடம் கேட்டேன். அவர் விழுந்து கிடந்த முன்கூடத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நாம இங்கன இல்லேன்னா, தானா விழட்டும்னு தம்பிமாரு காத்துக் கெடப்பானுவ. நீ வேணா போம்மா."

அவரைத் தனியே விட்டு நான் எங்கே போவது? கணவரிடம், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.