சம்பந்தியிடமா, சம்பந்தியோடா

அந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டில்களுக்கு மூடி போடும் ஜப்பான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவர். இயந்திரங்களோடு வந்த கையேடுகளை வைத்தே ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். ஆகவே அவர் பெயரே 'கையேடு' என்று ஆகிப்போனது.

அந்த மொழியில் வினைச்சொல் பரம சாது. அதற்கு முன்னால் வந்து உட்காரும் ஒட்டுச்சொல்தான் எல்லா வம்புக்கும் காரணம். 'இரேரு' என்று ஒரு வினை. எண்ணெய் என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஒ' வந்தால் எண்ணெயை விடு. 'நி' வந்தால் எண்ணெயில் போடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு சொட்டு எண்ணெய் விடவேண்டிய மோட்டாரைத் தொட்டியில் முக்கி எடுத்த புண்ணியவான் இவர். மேலாளர் கிழி கிழியென்று கிழித்தார். அன்றிலிருந்து ஒட்டுச்சொல்லைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடாமல் மேலே படிக்க மாட்டார்.

இருபத்திரண்டு வருடங்கள் ஓடின. அவருடைய மகள், தன்னோடு வேலை பார்த்த ஜப்பான்காரரைக் கட்டிக்கொள்வது என்று முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கல்யாணம் முடிந்த கையோடு மகள் அவர்கள் ஊருக்குப் போய்விடுவாள். கையேட்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கடல் தாண்டிப் போகிற பெண்ணுக்கு ஒரு கஷ்டமென்றால் தகவல் சொல்கிறோம் என்று சம்பந்தி வாயால் ஒரு வார்த்தை. மகளாகச் சொல்ல மாட்டாள். கல்லூரி விடுதியில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததையே எழுந்து நடமாடிய பிறகு சொன்ன அழுத்தக்காரி.

"நானே அவங்ககிட்ட எடுத்துச் சொல்றேனேப்பா," என்றாள் மகள்.

"உன்னைப் பத்தி நான் கேக்கறதை நீ சொன்னா பாதியை முழுங்கிடுவே. நானே பேசிக்கிறேன்."

பேச்சைத் தொடங்க வேண்டிய ஒற்றை வாக்கியத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினார்: 'மகளைப் பற்றி ஆலோசிக்கிறேன்.' 'ஆலோசிக்கிறேன்' என்பதுதான் வினை. 'நி' போட்டால், உங்களிடம் யோசனை கேட்டு வந்து நிற்கிறேன். 'தோ' போட்டால், உங்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறேன். பெண்ணைப் பெற்றவன் நிற்பதா, உட்காருவதா? காலையில் 'நி' என்பார், சாயங்காலம் 'தோ' என்பார்.

"என்னங்க, அவர் வந்துட்டுத் திரும்பிப் போறதுக்குள்ளயாவது முடிவு பண்ணிடுவீங்களா?" என்றாள் மனைவி.

ஞாயிறன்று மாப்பிள்ளையோடு சம்பந்தி வந்தார். சின்ன அச்சகம் நடத்துபவர். நக இடுக்கெல்லாம் மை. எல்லோரும் உட்கார்ந்ததும் கையேடு வாயைத் திறந்தார். வாக்கியத்தைக் காணோம். 'நி'யும் இல்லை, 'தோ'வும் இல்லை. இத்தனை வருடங்களாக நாக்கில் ஊறிக் கிடந்தது மட்டும் தானாக வந்தது. இயந்திரக் கையேட்டின் கடைசிப் பக்கம், அப்படியே ஜப்பானிய மொழியில்:

"பலவந்தமாகத் திருப்பக் கூடாது. வழக்கமில்லாத சத்தம் கேட்டால் உடனே நிறுத்தவும். கோளாறு தெரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை பரிசோதிக்கவும். நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். தயாரித்தவருக்குத் தெரிவிக்கவும்."

ஒட்டுச்சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை. அது ஒன்றுதான் குறைச்சல்!

"அப்பா! நான் என்ன மெஷினா?" என்று மகள் அவர் காதோரம் சீறினாள். மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கையேட்டுக்கு முகம் சுண்டிப்போனது. காரியம் கெட்டது என்றே நினைத்தார்.

சம்பந்தி சிரிக்கவில்லை. அவர் அச்சகத்திலும் இயந்திரங்கள் உண்டு; அந்தக் கடைசிப் பக்கம் அவருக்கும் மனப்பாடம். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டு, அதே கையேட்டு மொழியில் கேட்டார்.

"தயாரித்தவரின் தொலைபேசி எண்?"

கையேடு சொன்னார். பத்து எண்களைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தார். சம்பந்தி எழுதியதைத் திருப்பி வாசித்துச் சரிபார்த்தார்.

நடந்ததை மகள் அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரை முறைத்தாள்.

"நீங்க மட்டுமா தயாரிச்சீங்க? என் நம்பரையும் எழுதிக்கச் சொல்லுங்க."