வெள்ளைத் துணி செய்த வேலை

பிள்ளைகளே, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு போட்டோ என்னிடமே திரும்பி வந்தது. நான் எடுத்த போட்டோ. 'முகம் தெளிவில்லை' என்று அடையாள அட்டை அலுவலகம் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் கூட வந்திருந்தது.

கொண்டு வந்தவர் பார்வதி அக்கா; படமும் அவருடையதுதான். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக் கூரை ஒழுகி அவருடைய அடையாள அட்டை ஊறிப் போயிருந்தது. புதிதாக எடுக்க வேண்டும்... அதுவும் சீக்கிரமாக! கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் கட்டிய மகளுக்கு இது பேறு மாதம். எங்கள் எஹலியகொடவிலிருந்து கொழும்புக்குள் எத்தனை இடத்தில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி அட்டை கேட்கிறார்கள்! அட்டை இல்லாமல் எப்படிப் போவது?

"நான் என்ன பண்ணுறது தம்பி, ஆண்டவன் குடுத்த கலரு அப்படி" என்றார்.

அடுத்த நாள் மறுபடி வந்தார், முகம் முழுக்க பவுடரோடு.

"என்னக்கா இது?"

"வீட்டு ஆளுதான் அப்பிவிட்டாரு. 'கரிச்சட்டியப் படம் புடிச்சா கரிதான்டி தெரியும்'னு ஒரே கேலி..."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

முதல் தடவை போலவே சுவரில் வெள்ளைத் துணி கட்டி எடுத்தேன். பவுடர் முகம் சாம்பலாக வந்தது. கண் எது, மூக்கு எது? தெரியவில்லை.

அப்போது பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் கவிதா, "அப்பா, என்னையும் ஒண்ணு" என்று துணிக்கு முன்னால் ஓடி வந்து நின்றாள். வெள்ளைக்காரி என்று லயமே கொஞ்சுகிற பிள்ளை. எடுத்தேன். பார்த்தால்... அவளும் கறுப்பு!

பார்வதி அக்கா எட்டிப் பார்த்தார். "அட, இந்தப் புள்ளையும் என் கலருக்கு வந்துருச்சே!"

அப்படியானால் குற்றம் முகத்தில் இல்லையே!

மச்சான் கட்டார் நாட்டிலிருந்து கொண்டு வந்த கேமரா அது. கூட வந்த இங்கிலீஷ் புத்தகம் நாலு மாதமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்குத்தான் அகராதியோடு உட்கார்ந்தேன். (இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நீங்களாவது செய்யுங்கள்.)

புரிந்ததைச் சொல்கிறேன். கேமரா வெளிச்சத்தைச் சேர்ப்பது, சிரட்டையில் ரப்பர் பால் சேர்வது மாதிரிதான். பால் வருகிற வழி எவ்வளவு அகலம் — அது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் விடுகிறோம் — அது ஷட்டர் ஸ்பீட். சின்னச் சிரட்டை வைத்தால் கொஞ்சப் பாலிலேயே நிறைந்துவிடும். ஆனால் அதில் விழுந்த தூசி எடுப்பாகத் தெரியும் — அது ஐ.எஸ்.ஓ. அதைக் கூட்டினால் படம் சட்டென்று வெளிச்சமாகும், புள்ளி புள்ளியாகவும் வரும். மூன்றும் சேர்ந்து படத்துக்குத் தருகிற வெளிச்சத்தின் அளவுதான் எக்ஸ்போஷர்.

என்னைப் போல 'ஆட்டோ' (தானாக) என்று வைத்தால் அளவைக் கேமராவே முடிவு செய்யும். பெரிய வெள்ளைத் துணியைப் பார்த்ததும், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று தானாகவே குறைத்துவிடுகிறது. துணிக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பற்றி அதற்கு என்ன கவலை? அந்த ஆள் இருட்டிப் போகிறார்!

மருந்து என்ன தெரியுமா? மெனுவில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம். அதில் கூட்டல், கழித்தல் குறிகள். கூட்டல் பக்கம் ஒன்று தள்ளினால் போதும்.

மறுநாள் அக்காவை வரச் சொன்னேன்.

"பவுடரைக் கழுவிட்டு வாங்கக்கா."

"இன்னும் கறுப்பாத் தெரிவேனே தம்பி?"

"வாங்க, பாப்போம்."

கூட்டலில் வைத்து எடுத்தேன். திரையைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். பிறகு விரலால் தொட்டார். "மூக்குத்தி கூடத் தெரியுது... என் மொகந்தான் இது."

அதே கறுப்புத்தான், பிள்ளைகளே. ஒரு பொட்டு வெளுக்கவில்லை. ஆனால் கண் இருந்தது, சிரிப்பு இருந்தது.

அட்டை வந்தது. அக்கா கொழும்புக்குப் போனார். வழியில் ஒரு சிப்பாய் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யன்ன அம்மே" என்று சிங்களத்தில் போகச் சொன்னாராம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு.

"பேத்தி பொறந்திருக்கா தம்பி! கூட்டிட்டு வரும்போது அந்தக் கூட்டல் வச்சே எடுங்க."

"ஏன்க்கா?"

எத்தனை பெருமை அந்த முகத்தில்!

"அப்படியே என் கலரு!"