இரண்டு அடுப்பும் ஒரு களிப்பானையும்

என் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமும் தேடிக்கொண்டு ஐந்து வருஷம் ஆகிறது. கடத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நானும் மகளும் மாமியாரும்தான். ஆனால் ரேஷன் கார்டில் மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குத்தான் வருவதில்லை.

பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் பணம் ஒரு கார்டுக்கு ஒருத்திக்குத்தான். அது மாமியாருக்கு வருகிறது. எனக்கும் வந்தால் மகளைக் காலேஜில் சேர்க்கலாம்; இல்லையென்றால் அவளும் என்னோடு கூலிக்குப் பூப்பறிக்க வர வேண்டியதுதான். அதற்கு எனக்குத் தனிக் கார்டு வேண்டும். தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் வேண்டும். வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறதா என்று ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருப்பது அரசாங்கத்துக்கு ஆகாது போலிருக்கிறது. மற்ற வீடுகளில் தானாக நடக்கிற சண்டையை நாங்கள் மெனக்கெட்டு ஏற்பாடு செய்தோம்.

பக்கத்து வீட்டில் இரவல் அடுப்பு வாங்கி, நடுவில் ஒரு சேலையைக் கட்டினோம். ஆபீசர் எதிரில் என்னை இரண்டு வார்த்தை திட்டப் போவதாகவும், அதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் மாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு வருகிறேன் என்ற ஆபீசர் மதியம் ஒரு மணி ஆகியும் வரவில்லை. பசி தாங்காமல் மாமியார் உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டிவிட்டார். களியைப் பாதியில் விட முடியாது. எங்கள் வீட்டில் எப்போதும் அவர் கிண்டுவார், நான் பானையைப் பிடிப்பேன். பழக்க தோஷம், சேலையைத் தள்ளிவிட்டுப் போய்ப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீசர் உள்ளே வந்தார்.

"தனிச் சமையல்னு எழுதியிருக்கீங்களேம்மா?" என்றார்.

மாமியார் கிண்டுவதை நிறுத்தவில்லை. "களிய ஒத்தையில கிண்ட முடியுங்களா சார்? அடுப்ப வுடுங்க. ஓடிப்போனவன் என் வவுத்துல பொறந்தவன்தான். அவன் பேர வெட்டிப்புடுங்க. இவதான் எங்கூட இருக்கறவ."

பெயரை நீக்க என் புருஷனே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஆபீசர். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே சமையல், ஒரே குடும்பம் என்று எழுதி, மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போனார். அப்புறம்தான் அழுகை வந்தது.

அந்த வருஷம் மகள் என்னோடு பூப்பறிக்க வந்தாள். அவள் அப்பன் பங்கு ரேஷன் அரிசி மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. அந்தச் சோற்றைத்தான் தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறோம்.