ஆட்டின் மடியில் மல்லிகைப்பூ

என் கணவரின் தமக்கை வல்வெட்டித்துறையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். போகும்போது எங்கள் ஆட்டின் இரண்டு குட்டிகளையும் கொண்டுபோனார். குட்டிகளுக்கு இரண்டு மாதம்கூட நிரம்பவில்லை. பால்குடி மறக்க இன்னும் ஒரு மாதமாவது வேண்டும் என்று அடுப்படிக்குள் நின்று எத்தனையோ தரம் சொன்னேன். கணவரின் காதில் ஏறவில்லை. தமக்கை கேட்டால் தலையையே கழற்றிக் கொடுக்கக்கூடிய மனிதர் அவர்.

ஓட்டோ எங்கள் ஒழுங்கையால் திரும்பி றெயில் பாதையைக் கடக்கும்வரை குட்டிகள் கத்தியது கேட்டது. தாய் ஆடு கயிறு விட்ட தூரம்வரை ஓடிப்போய் நின்று பதிலுக்குக் கத்தியது. அன்று முழுக்கக் கத்தியது. மறுநாள் வாயில் இலைக்குழையை வைத்துக்கொண்டும் கத்தியது.

குட்டி பிரிந்த ஆட்டை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வளவுக்குள் இருபது வருடமாக ஆடு வளர்க்கிறேன். மடியை ஒரேயடியாக வெறுமையாக்கினால் பால் திரும்பவும் சுரக்கும். தொடாமல் விட்டால் கட்டிப்போகும். மடியின் இறுக்கம் தளருமளவுக்கு மட்டும் பீய்ச்சி, அதையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரவேண்டும். புண்ணாக்கையும் கஞ்சியையும் நிறுத்தவேண்டும். முதல் இரண்டு நாளும் அப்படித்தான் செய்தேன். ஆனால் நான் மடியில் கை வைக்கும்போதெல்லாம் குட்டிதான் வந்துவிட்டது என்று நினைத்து ஆடு திரும்பிப் பார்த்தது. என்னைக் கண்டதும் முன்னையிலும் பலமாகக் கத்தியது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கும் ஒருமுறை இப்படிப் பால் கட்டியது. சண்டைக் காலம். இதே வீட்டில், பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழிய முன்னமே என் முதல் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. ஷெல்லடியும் ஊரடங்கும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. எனக்கும் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அம்மா என் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துப் பழைய வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டி, "மூண்டு நாளைக்கு அவிழ்க்கப்படாது, பால் வத்தியிடும்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நான் எழும்பி நடமாடியபோது பாலும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளையைச் சுடலையில் அடக்கிவிட்டதாக அம்மா சொன்னார்.

ஆகவே மூன்றாம் நாள் காலை முற்றத்து மல்லிகையில் இருந்த பூவையெல்லாம் பறித்து ஆட்டின் மடியில் வைத்துத் துணியால் சுற்றி முதுகோடு கட்டினேன். பீய்ச்சுவதையும் நிறுத்தினேன்.

"மனிசருக்குச் செய்யிறதை ஆட்டுக்கு ஏன் செய்யிறீர்?" என்றார் கணவர்.

"அக்காவுக்குக் குட்டியைத் தூக்கிக் குடுக்கேக்கை என்னைக் கேட்டனீங்களோ? இப்ப பேசாமல் இருங்கோ."

பின்னேரமே ஆட்டின் கத்தல் அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லிப் புளுகினேன்.

மறுநாள் ஆடு சுவரைப் பார்த்தபடி நின்றது. கட்டித் தொங்கவிட்ட பூவரசங்குழையில் ஒரு இலை குறையவில்லை. நல்ல வெயிலில் நின்றும் அதன் தோல் நடுங்கியது. இடது பின்னங்காலை நிலத்தில் ஊன்றாமல் அகட்டி வைத்திருந்தது.

"ஆடு அசைபோடக் காணேல்லையே அக்கா. ஒருக்கா அவிட்டுப் பாருங்கோவன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மூண்டு நாள் முடியட்டும்," என்றேன்.

கிட்டப் போனபோது மல்லிகை மணத்துக்கு அடியில் வேறொரு மணம் வந்தது. பூ வாடின மணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள ரோசம் விடவில்லை.

மூன்று நாள் முடிந்ததும் துணியை அவிழ்த்தேன். பூக்கள் கறுத்து நசிந்து மடியோடு ஒட்டியிருந்தன. வலது பக்கம் சுட்டது. இடது பக்கத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அது கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. நிறம் நாவற்பழ நிறம்.

கணவர் ஓடிப்போய் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தார். அவர் மடியை அழுத்திப் பார்த்தார். பாலுக்குப் பதிலாகச் சிவந்த தண்ணீர் வந்தது.

"பீய்ச்சாமல் எத்தினை நாள் அம்மா?"

"மூண்டு."

"பூவிலை பிழையில்லை. பாலை உள்ளுக்கை வைச்சு இறுக்கினதுதான் பிழை. நஞ்சு ரத்தத்திலை ஏறியிட்டுது." ஊசி போட்டார். அடிக்கடி பீய்ச்சி வெளியே எடுக்கச் சொன்னார். "நாளைக்குக் காலமை வாய் வைச்சுத் திண்டால் தப்பும்."

கணவர் பிடிக்க நான் பீய்ச்சினேன். வந்துகொண்டேயிருந்தது, பால் மட்டும் வரவில்லை. ஆடு ஒருதரமும் கத்தவில்லை. கத்தினால் போதும் என்று நான் நேர்ந்துகொண்டேன். காலையில் முருங்கை இலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து மணிக்குள் செத்துப்போனது. நான்தான் கொன்றேன். தமக்கையை மனதுக்குள் திட்டியும் பார்த்தேன், அந்த உண்மை மாறவில்லை.

கணவர் மண்வெட்டியோடு வளவின் பின்பக்கம் போய் மதில் ஓரம் ஆட்டுக்குக் குழி வெட்டத் தொடங்கினார். அந்த இடம் முழுக்கக் கல். நாலு வெட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் கல்லோடை மாரடிக்கிறியள்? அந்த வேம்புக்குக் கீழை மண் இளக்கம். அதிலை வெட்டுங்கோ."

"அதிலை வேண்டாம்."

"ஏன்?"

அவர் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்துகொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பிள்ளையை அதிலைதான் தாட்டனாங்கள். ஊரடங்கு. சுடலைக்குக் கொண்டுபோகேலாமல் போச்சு."

நான் வேம்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"உம்மடை அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவ. நீர் நினைவில்லாமல் கிடந்தனீர். அவ காலமையும் பின்னேரமும் உம்மடை கட்டை அவிட்டு, பாலை எடுத்துச் சிரட்டையிலை கொண்டுவந்து, அந்த வேம்படியிலை ஊத்திப்போட்டுப் போய்த் திரும்பக் கட்டிவிடுவா."

அவர் மறுபடியும் வெட்டத் தொடங்கினார். நான் வேம்பின் கீழ் போய் நின்றேன். எந்த இடத்தில் கால் வைத்து நிற்கிறேன் என்று தெரியவில்லை. உடனே விலகி வந்துவிட்டேன்.