மெத்தைக்கடை, இரண்டாம் பாகம்

அவளுடைய குரல் அவளில்லாமலேயே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய மருத்துவமனையின் லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்வது அவள்தான். வங்கிக்குப் போன் போட்டுக் காத்திருப்பவர்களிடம் "தயவுசெய்து இணைப்பில் இருங்கள்" என்று கெஞ்சுவதும் அவள்தான். ஒருமுறை காய்ச்சலோடு அந்த லிஃப்டில் ஏறினாள். தன் குரலே தன்னை மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனது, பாதித் தூக்கத்தில் யாரோ தலையைக் கோதிவிட்டதுபோல் இருந்தது என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். மருந்துக்கடை வைத்திருந்த அவர், "மாத்திரையப் போட்டுட்டுப் படு" என்றார்.

ஸ்டுடியோவில் அவளுக்கு டப்பிங் அக்கா என்று பெயர். ஐம்பத்து மூன்று வயது. எத்தனையோ நடிகைகளுக்காக அழுதிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், செத்தும் போயிருக்கிறாள். ஆனால் அவள் தொண்டையிலிருந்து கிளம்பியதிலேயே பேர்போன வசனம் எதுவோ, அதை மட்டும் வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாது.

'மெத்தைக்கடை' என்ற அந்தப் படத்துக்குப் பேசியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மெத்தைக்கடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. அவள் கடை திறந்த நாளிலிருந்து ஊரில் இருக்கும் ஆம்பளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்துவிடும். கடைக்குள் நுழைகிறவர்களைப் பார்த்து அவள் கேட்பாள்: "உக்காந்து பாக்கறீங்களா... படுத்துப் பாக்கறீங்களா?"

நடுவில் இருந்த அந்த நிறுத்தம் யாரும் எழுதிக்கொடுத்ததல்ல. பேசும்போது இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். சரியாகப் பேசிக்கொடுத்த மற்ற பதிவுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தெருவில் நாற்காலி விற்றவன்கூட அந்த வரியைச் சொல்லித்தான் விற்றான். திரையில் அவள் பெயர் வரவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் வீட்டில் நாத்தனார் இருந்தாள்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு மாடியறையில் தன் புத்தகங்களோடும் ஒரு மேசை விசிறியோடும் இருந்தாள். சுவரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "கருமம், இதுக்கெல்லாம் குரல் குடுக்கவும் ஒருத்தி இருக்கா பாருங்க அண்ணி" என்று அவளிடமே சொன்னாள். அண்ணி தலையைக் குனிந்து பருப்பைக் களைந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் மட்டும் குலுங்கியது. அன்றிலிருந்து அது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமான ரகசியமாக இருந்தது.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அதே நடிகை, புது இயக்குநர். குரலுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

டப்பிங் அறையில் விளக்கை அணைத்ததும் அந்த நடிகையின் முகம் திரையில் வந்தது. இருவரும் நேரில் ஒருநாளும் சந்தித்ததில்லை. ஆனாலும் எந்த இடத்தில் மூச்சை இழுப்பாள், எந்த எழுத்தில் உதடு பிரியும் என்று கூடப்பிறந்தவளைத் தெரிவதுபோல் இவளுக்குத் தெரியும். இப்போது அந்தக் கண்களுக்குக் கீழே தோல் தளர்ந்திருந்தது. பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி அதிகமாக யோசித்தாள். இவளும் ஒரு நொடி அதிகமாகக் காத்திருந்தாள். வெளியே பட்டப்பகல் என்பதே மறந்துபோயிற்று. தண்ணீருக்கடியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருத்தி வாயசைக்க மற்றவள் பேசுவது போலிருந்தது.

கடை இப்போது மூன்று மாடி. அந்தப் பழைய வரி படத்தில் பதினோரு இடத்தில் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் அதன் இரட்டை அர்த்தத்தைத் திரையில் பக்கத்திலிருந்த ஒருவன் கையைக் காட்டி விளக்கினான்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் காத்து கலந்து சொல்லுங்க. ஒரு மாதிரி... புரியுதில்ல?" என்றார் இயக்குநர்.

"புரியுது. ஆனா இந்தப் பொம்பளைக்குத் தான் என்ன சொல்றோம்னே தெரியாதுங்க. தெரியாத மாதிரி கேட்டாத்தான் சிரிப்பு வரும்."

"இப்ப ஜனங்களுக்கு ஓப்பனா வேணும்கா."

அவள் பதினோரு தடவையும் காற்று கலந்து சொன்னாள். சம்பளத்துக்குச் செய்கிற வேலை.

ஒரே ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மத்தியானம், கடையில் யாருமில்லை. அந்த நடிகை செருப்பைக் கழற்றிவிட்டு, விற்காமல் கிடந்த ஒரு மெத்தையில் மெல்லப் படுக்கிறாள். வசனம் கிடையாது. ஆனால் அவள் உதடு லேசாகத் திறந்ததை இவள் பார்த்துவிட்டாள். யாரும் கேட்காமலே ஒரு சின்னச் சிரிப்பைப் பெருமூச்சோடு சேர்த்து விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர் அதை வெட்டச் சொல்லவில்லை. அது அப்படியே இருந்துவிட்டது.

படம் வந்த வாரம், ஒரு மத்தியான ஆட்டத்துக்குத் தனியாகக் கிளம்பினாள். வாசலில் நாத்தனார் குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி?"

"சும்மா... துணிக்கடைக்கு."

"மெத்தைக்கடைக்குத்தானே? நானும் வரேன்."

அண்ணிக்குக் காது சூடாகிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் நாத்தனார் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "முதல் பாகத்த மூணு தடவ பாத்தேன். ஸ்கூல்ல விடைத்தாள் திருத்தற வேலைன்னு சொல்லிட்டுப் போவேன். முதல் சீன்லயே உங்க குரல்னு தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன்டி என்னப் போயி அப்படித் திட்டுன?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லவே இல்ல. எனக்குக் கோவம். அண்ணனுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

இத்தனை வருடம் தான் பயந்து ஒளித்து வைத்தது ஒருத்தியை வெளியே நிறுத்திவைத்திருக்கிறது என்று அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் மடியிலிருந்த குடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தியேட்டரில் முக்கால்வாசி இருக்கைகள் காலி. குளிர்காற்று எங்கிருந்தோ மெல்ல வந்துகொண்டிருந்தது. முதல் மூன்று தடவை அந்த வரிக்கு யாரோ சிலர் சிரித்தார்கள், பிறகு இருமினார்கள். நாத்தனார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "எட்டு" என்று காதில் சொன்னாள். அதற்குத்தான் அண்ணிக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு அந்த ஆளில்லாத கடை வந்தது. நடிகை மெத்தையில் சாய்ந்தாள். அந்த மூச்சு இருட்டு முழுக்கப் பரவியது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் இருமவும் இல்லை. அந்தக் குரல் தன்னுடையதா, திரையில் இருப்பவளுடையதா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுடையதா என்று அண்ணிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. நாத்தனார் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது.

"எப்படி?" என்றாள் அண்ணி.

"முதல் பாகத்து கால் தூசிக்கு வராது. அதுல சொல்லாம விட்டதுலதான் ருசியே. இதுல எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டாங்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா அவ படுக்கற இடம் இருக்கே... அது முதல் பாகத்துல இல்ல அண்ணி. அத நடிக்க அவளுக்கும் பேச உங்களுக்கும் வயசாக வேண்டியிருந்திருக்கு" என்றாள்.

இரண்டாம் வாரமே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் பாகம் என்று சொல்லி யாரும் அந்த நடிகையையோ இவளையோ கூப்பிடவில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. திரும்புகிற பேருந்தில் சன்னலோரம் வெயில் மடியில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. கணவர் போன் செய்து, "எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்கோம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.