பச்சை நாக்கு

செங்கலடிச் சந்தையில் வல்லாரைப் பொடி விற்ற அந்த ஆளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது கிட்ட வந்தால் ஒரு வல்லாரை இலையை மென்று, பச்சை நாக்கை நீட்டிக் காட்டுவார். "நல்ல சத்து! கிருமியெல்லாம் சாகும்! கெம்பஸில, யுனிவர்சிட்டியிலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க!" என்று கத்துவார்.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு பொடிப் பக்கற்றை எடுத்தேன். என் காலைக் கண்டதும் அந்த ஆள் அதைப் பறித்துக்கொண்டார்.

"கிருமி சாகும் எண்டீங்களே?" என்றேன்.

"அவங்க கிருமியக் கண்ணாடித் தட்டில வச்செல்லோ பாத்தவங்க. உங்கட கால் என்ன கண்ணாடியா அண்ணன்? ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி அதே நாக்கைக் காட்டினார்; அதே கத்தல்.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த ஆளை நான் நம்பமாட்டேன். தெரியாமல் கத்துகிறவனென்றால் விட்டுவிடலாம். இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.