அளக்காத செல்

பிற்பகல் மூன்று ஐம்பதுக்குத் தகவல் வந்தபோது, வோல்ட்டக்காவின் கையில் பாதி பிரித்த லேப்டாப் பேட்டரி இருந்தது. லிப்ட் பழுது பார்க்கப் போன தம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவே இல்லையாம். "வரேன்" என்று போனை வைத்தாள். ஆறு செல்களில் இரண்டைத்தான் பிரித்திருந்தாள். மிச்சம் நாலையும் வெட்டி, முனைக்கு முனை டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். பதினோரு நிமிடம். அவள் போய்ச் சேர்வதற்குள் பிரேதப் பரிசோதனைக்கு உடலை எடுத்துப் போய்விட்டார்கள். தம்பி மனைவி தனியாக நின்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவளை அழைத்துப் போகக் கடை வாசலில் வண்டியோடு காத்திருந்த பக்கத்துக் கடைக்காரர், தம்பி மனைவியிடம் வாயை அடக்கவில்லை. "சேதி கேட்டப்புறமும் பதினோரு நிமிஷம் உட்கார்ந்து வேலையை முடிச்சுட்டுத்தாம்மா எழுந்தாங்க." அன்றிலிருந்து தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை.

வோல்ட்டக்கா என்று பெயர் வைத்தவனே தம்பிதான். தூக்கி எறிந்த பேட்டரிகளை வாங்கி, உயிருள்ள செல்லைத் தேடி எடுத்து டார்ச்சுக்குக் கொடுப்பது அவள் தொழில். உட்காரும்முன் வளையல்களைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவாள். காலாவதியான ஏடிஎம் அட்டையை விளிம்பில் நுழைத்து, மெல்ல மெல்ல உறையைப் பிளப்பாள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர்களைக் கண்டாலே ஆகாது. "அதென்ன தேங்காயா, குத்திப் பிளக்க?" என்பாள். செல்களை இணைக்கும் பட்டையை ஒவ்வொன்றாகத்தான் வெட்டுவாள். வெட்டிய கையோடு டேப்.

இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லோடு மல்லுக்கட்ட மாட்டாள். "போயிட்டு வா ராசா" என்று கழிவுப் பெட்டியில் சேர்த்துவிடுவாள். மிஞ்சியதைச் சார்ஜ் ஏற்றும்போது நகரமாட்டாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு பதினாலு நாள் சும்மா கிடக்க வேண்டும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு கட்டம் போட்ட சீட்டு: முதல் நாள் அளவு, பதினாலாம் நாள் அளவு. எண் சரிந்திருந்தால் அது டார்ச்சுக்கு ஆகாது.

"பிள்ளை பெத்தவளுக்குக்கூட நீ இவ்ளோ ரெஸ்ட் குடுக்க மாட்டே. என் செல்லைக் குடு தாயே, லிப்ட் குழியில இருட்டுல தடவிக்கிட்டு இருக்கேன்" என்பான் தம்பி.

"பதினாலு நாள் ஆகட்டும்டா. அதுவரைக்கும் தடவு."

பன்னிரண்டாம் நாள் அவன் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி மனைவி அவனுடைய டார்ச்சோடு கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவருக்குன்னு ஒரு செல் எடுத்து வச்சிருக்கீங்களாமே. சொல்லிக்கிட்டே இருந்தார்."

"இருக்கும்மா. இன்னும் அளக்கலை."

"அளக்க என்ன, பதினோரு நிமிஷம் ஆகுமா?"

வந்தவள் டார்ச்சை வைக்க இடம் தேடி, மேசைமேல் பாதி பிரிந்து கிடந்த பேட்டரியை நகர்த்தக் கை நீட்டினாள். அவள் கையில் இரும்பு வளையல். அக்கா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதே! வளையல் பட்டைமேல பட்டா பத்திக்கும். மேல குழந்தை தூங்குது."

மாடி வீட்டில் தொட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி கூரையைப் பார்த்தாள். பிறகு பேட்டரியைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் கிடந்துச்சா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"

"அந்த நேரத்துல பேட்டரிக் கதையா சொல்லுவேன்?"

தம்பி மனைவி வளையலைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முடிங்க. நான் இருக்கேன்."

அக்கா கட்டரை எடுத்தாள். ஆறு செல்களும் டப்பாவுக்குப் போயின. டார்ச் மட்டும் மூடி கழன்று மேசையிலேயே கிடந்தது. அலமாரியில் ‘தம்பி’ என்று எழுதிய செல் இருக்கிறது. சீட்டின் முதல் கட்டத்தில் 4.19. இரண்டாவது கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.